மீட்டர் மாட்டினால் காவிரி பெருகாது

காவிரிப் படுகையில் நிலத்தடி நீர் வற்றுகிறது என்ற பேச்சு எழுந்ததுமே தீர்ப்பும் வந்துவிடுகிறது: இலவச மின்சாரம்தான் குற்றவாளி. சும்மா கிடைப்பதால் விவசாயிக்கு அதன் அருமை தெரியவில்லை; மோட்டாரைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்; வயல் வழிகிறது, போர் வற்றுகிறது, மின்வாரியம் கடனில் மூழ்குகிறது. மோட்டார்தோறும் மீட்டர் மாட்டி யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தால் தண்ணீரும் மிஞ்சும், கஜானாவும் மிஞ்சும். பொருளாதார அறிஞர்கள் பலர் இப்படித்தான் எழுதுகிறார்கள். நிதித்துறையில் இருப்பவர்கள் இப்படித்தான் பரிந்துரைக்கிறார்கள். நகரத்தில் படித்த குடும்பங்களில் இது விவாதத்துக்கே இடமில்லாத உண்மையாகிவிட்டது.

இந்தக் கருத்தை நான் மறுக்கிறேன். ஆனால் அது சுட்டும் ஆபத்தை மறுக்கவில்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வட்டாரங்களில், ஆண்டுதோறும் மண்ணுக்குள் ஊறுவதைவிட அதிகமான நீர் இறைக்கப்படுகிறது. கொங்குப் பகுதியின் கெட்டிப் பாறையில் 1,000 அடி தாண்டியும் போர் போடுகிறார்கள். பல போர்களில் புழுதிதான் வருகிறது. விலையில்லாத மின்சாரம் யாரையும் பார்த்து ‘போதும், நிறுத்து’ என்று சொல்லாது என்பதும் சரிதான். தவறு வேறிடத்தில் இருக்கிறது. நீர், மின்சாரம், நெல் மூன்றும் காவிரிப் படுகையில் ஒரே கணக்கு. அதை நீர்வளத்துறை ஒரு ஏட்டிலும், மின்வாரியம் ஒரு ஏட்டிலும், உணவுத்துறை இன்னொரு ஏட்டிலும் எழுதுகின்றன. மூன்று ஏடுகளிலும் விழும் துண்டை விவசாயி தன் மோட்டாரைக் கொண்டு அடைக்கிறார். கடைசியில், அடைத்தவர் மீதே வழக்கு.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். பைக்காராவில் 1932-இல் மின்சாரம் உற்பத்தியானது. 1937-இல் மேட்டூர் அணை மின்நிலையம் வந்தது. கொங்கு நாட்டின் கமலைக் கிணறுகளில் மோட்டார் ஏறியது இந்த மின்சாரத்தால்தான். 1970-களின் தொடக்கத்தில் நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர்கள் திரண்டது மின்கட்டண உயர்வுக்கு எதிராக. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அன்றைக்கு அவர்கள் யூனிட்டுக்கு இத்தனை பைசா என்று மின்சாரத்துக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். சிறு விவசாயிகளுக்கு இலவசம் வந்தது 1984-இல். எல்லா விவசாயிகளுக்கும் விரிந்தது 1990-இல். ஆனால் மீட்டர் ஓடிய அந்தக் காலத்திலேயே கோவை மாவட்டத்துக் கிணறுகள் ஆண்டுக்கு ஆண்டு ஆழமாகிக்கொண்டிருந்தன. கட்டணம் இருந்தபோதும் நீர்மட்டம் இறங்கியது என்றால், காரணம் கட்டணத்துக்கு வெளியிலும் இருக்கிறது.

அந்தக் காரணத்தைத் தேடி டெல்டாவுக்கு வருவோம். குறுவைக்கு ஜூன் 12-இல் மேட்டூர் திறக்க வேண்டும். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் அணை திறக்கப்படவில்லை. கடைமடை வரை ஆறு வராத ஆண்டுகளில் குறுவையை எது காப்பாற்றியது? பில்டர் பாயிண்ட் எனப்படும் ஆழம் குறைந்த குழாய்க் கிணற்று மோட்டார். அதை விவசாயி திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. 2012-இல் அரசே குறுவை தொகுப்புத் திட்டம் அறிவித்து, மாநிலம் முழுவதும் மின்வெட்டில் தவித்த அந்த ஆண்டில், டெல்டாவுக்கு 12 மணி நேரம் மும்முனை மின்சாரம் தருவதாகச் சொன்னது. ஆற்றில் வராத தண்ணீருக்குப் பதிலாக மின்கம்பியில் மின்சாரத்தை அனுப்பியது அரசு. அதைப் பயன்படுத்திப் பயிர் வைத்தவரைப் பார்த்துப் பத்தாண்டுகளுக்குப் பிறகு, ‘ஏன் இறைத்தாய்?’ என்று கேட்பது எந்த நியாயத்தில் சேர்த்தி?

நீதிமன்றமும் இதில் விலகி நிற்கவில்லை. 2007-இல் நடுவர் மன்றம் காவிரியில் தமிழ்நாட்டுக்கு 419 டிஎம்சி ஒதுக்கியது. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் அதை 404.25 டிஎம்சியாகக் குறைத்தது. குறைந்த 14.75-இல் 4.75 டிஎம்சி பெங்களூரு குடிநீருக்கு. மீதி 10 டிஎம்சியைக் குறைக்க, டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்பது கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. இதன் பொருளை நாம் இன்னும் சரியாக உள்வாங்கவில்லை. ஆற்று நீர் மதகைத் திறந்தால் தானே பாயும். நிலத்தடி நீர் தானே மேலே வராது. 10 டிஎம்சி என்பது 28 கோடி கன மீட்டருக்கும் மேல். சாதாரண மோட்டாரின் திறனை வைத்துக் கணக்கிட்டால், அதை வெறும் 10 மீட்டர் மேலே தூக்கவே ஏறத்தாழ 2 கோடி யூனிட் மின்சாரம் வேண்டும். மட்டம் இன்னொரு 10 மீட்டர் இறங்கினால் இன்னொரு 2 கோடி யூனிட். நதிநீர்ப் பங்கீட்டுத் தீர்ப்புக்குள் ஒரு மின்கட்டண ரசீதும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பெங்களூருக்குக் கிடைத்த பங்கிலும் அதே கதைதான்: காவிரியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம், சுமார் 500 மீட்டர் உயரம் அந்த நீரை மின்சாரத்தால் ஏற்றினால்தான் நகரத்துக் குழாயில் தண்ணீர் வரும்.

இந்த ஆறு மின்சாரத்தோடு பிணைந்தது நேற்றைக்கல்ல. சிவசமுத்திரத்தில் 1902-இல் மின்சாரம் எடுத்து, கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். அந்த மின்நிலையத்துக்கு ஆண்டு முழுதும் சீராக நீர் வேண்டும் என்பதும் கிருஷ்ணராஜ சாகர் அணை எழுந்ததற்கு ஒரு காரணம். இன்று சர்ச்சையில் இருக்கும் மேகதாது திட்டத்தில் 67 டிஎம்சி அணையோடு 400 மெகாவாட் மின்நிலையமும் அடக்கம். பவானியின் தலைப்பகுதியில் குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகள் மாநிலத்தின் மின்தேவை உச்சத்துக்கு ஏறும் நேரம் பார்த்து இயங்குகின்றன. மேட்டூரில் அணை மின்நிலையம், சுரங்க மின்நிலையம், அதற்குக் கீழே கதவணைதோறும் மின்நிலையங்கள். பக்கத்திலேயே அனல்மின் நிலையம். அதற்கும் அணையிலிருந்துதான் நீர்.

மழை பொய்க்கும் ஆண்டில் இந்தப் பிணைப்பு எப்படி இறுகுகிறது என்று பாருங்கள். மேட்டூரில் நீர் இல்லை. ஆகவே பாசனத்துக்குத் திறப்பு இல்லை, திறக்காததால் நீர்மின்சாரமும் இல்லை. ஆறு வராததால் லட்சக்கணக்கான மோட்டார்கள் கூடுதல் நேரம் ஓடுகின்றன. மின்சாரம் குறையும் மாதத்திலேயே மின்தேவை ஏறுகிறது. வாரியம் வெளிச்சந்தையில் விலை கொடுத்து வாங்குகிறது. ஆண்டு முடிவில் அந்த நட்டம் ‘வேளாண் இலவச மின்சாரம்’ என்ற தலைப்பில் ஏறுகிறது. இதில் ஆறு பொய்த்ததற்கு எவ்வளவு, அணை நிர்வாகத்துக்கு எவ்வளவு, இலவசத்துக்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பெரும்பாலான வேளாண் இணைப்புகளுக்கு அளவீடே இல்லாததால், விவசாயம் எடுக்கும் மின்சாரம் என்று சொல்லப்படும் தொகையும் குதிரைத்திறனை வைத்துப் போட்ட மதிப்பீடுதான். அளக்காத ஒன்றை ஆதாரமாக வைத்துத் தண்டனை எழுதக் கூடாது.

மூன்றாவது இழைக்கு வருவோம்: உணவு. மீட்டர் கட்சிக்காரர்கள் தண்ணீரின் விலையைப் பற்றிப் பேசுகிறார்களே தவிர, நெல்லின் விலையைப் பற்றிப் பேசுவதில்லை. திருவாரூர் விவசாயி ஒருவர் எந்தப் பயிரை விளைவித்தால் அரசு கட்டாயம் எடுத்துக்கொள்ளும்? நெல்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையம் அவர் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே மூட்டை நனைந்தாலும், நாள் கணக்கில் காத்திருந்தாலும் கடைசியில் ஒரு விலை உண்டு. உளுந்துக்கும் பயறுக்கும் அந்த உறுதி இல்லை. வியாபாரி சொன்னதுதான் விலை. 2011 முதல் ரேஷன் கடையில் அரிசி இலவசம். அரசு வாங்குவது நெல், கொடுப்பது அரிசி, அதனால் விளைவது நெல். ஓர் ஏக்கர் நெல்லுக்கு 40, 50 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டியிருக்கிறது. இந்தத் தேவையை ஒவ்வொரு கொள்முதல் பருவத்திலும் உணவுத்துறை உறுதிசெய்கிறது. மோட்டார் அந்த உறுதிக்குப் பின்னால் ஓடுகிறது.

நெல்லைப் பழிப்பது என் நோக்கமில்லை. வடகிழக்குப் பருவமழையில் டெல்டா வயல்களில் நீர் தேங்கும்போது அதில் நின்று பிழைக்கும் பயிர் நெல் ஒன்றுதான். சம்பாவுக்கு அங்கே இயற்கையின் ஒப்புதல் இருக்கிறது. கேள்வி கோடைக்கும் குறுவைக்கும் உரியது: அணை நிலவரம் மோசமாக இருக்கும் ஆண்டில், முழுக்க நிலத்தடி நீரில் எத்தனை ஏக்கர் நெல் வைக்கலாம், அதற்குப் பதில் வேறு பயிர் வைப்பவருக்கு என்ன உறுதி தரலாம்? இதைத் தீர்மானிக்க நீர்வளத்துறையும் மின்வாரியமும் வேளாண்துறையும் நுகர்பொருள் வாணிபக் கழகமும் மே மாதத்தில் ஒன்றாக உட்கார வேண்டும். மின்கட்டணம் என்ற ஒற்றை ஆணி அந்த வேலையைச் செய்யாது.

விவசாயியின் அலட்சியம் என்ற குற்றச்சாட்டையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மும்முனை மின்சாரம் முறை வைத்து வருகிறது. பல நேரம் இரவில் வருகிறது. எப்போது வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்ற உறுதி இல்லாத இடத்தில், மின்சாரம் வந்ததும் தானாக ஓடும்படி ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டுப் படுப்பவரைச் சோம்பேறி என்பது அநியாயம். அடுத்த முறை வருமோ வராதோ என்ற அச்சத்தில்தான் வயல் நிரம்பும்வரை ஓட்டுகிறார். நம்பத்தக்க நேரத்தில் தரமான மின்சாரம் வந்தால் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்ட அவருக்குத் தெரியும். அந்த அறிவு அவருடைய முன்னோர் கொடுத்தது. இலவச மின்சாரமும் இலவசமாக வருவதில்லை. சாதாரண வரிசையில் இணைப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தட்கல் முறையில் உடனே வேண்டுமென்றால் மோட்டாரின் குதிரைத்திறனுக்கு ஏற்ப 2.5 லட்சம் முதல் 4 லட்சம் ரூபாய் வரை கட்ட வேண்டும். போர் போடும் கடன், காயில் எரிந்த செலவு எல்லாம் தனி. 1,000 அடியிலிருந்து இறைப்பவர் ஏற்கெனவே தண்ணீருக்கு மிகப் பெரிய விலை கொடுத்துவிட்டார். அந்த விலையே அவரை நிறுத்தவில்லை என்றால், யூனிட்டுக்குச் சில ரூபாய் நிறுத்திவிடும் என்று எப்படி நம்புவது?

மீட்டர் மாட்டிப் பார்த்த இடங்களின் அனுபவமும் நம் முன்னே இருக்கிறது. மேற்கு வங்கத்தில் 2007 முதல் வேளாண் இணைப்புகளுக்கு மீட்டர் வந்தது. பம்ப் வைத்திருந்தவர்கள் அக்கம்பக்கத்து வயல்களுக்கு விற்கும் தண்ணீரின் விலையை ஏற்றினார்கள். அடி விழுந்தது தண்ணீர் வாங்கிப் பிழைக்கும் ஏழை விவசாயிகள் மேல். குஜராத்தில் ஜோதிகிராம் திட்டம் வேளாண்மைக்குத் தனி மின்பாதை போட்டு, எட்டு மணி நேரம் தரமான மின்சாரம் தந்தது. ஊர்களுக்கு வெளிச்சம் வந்தது, களவு குறைந்தது. குத்தகைக்காரர்களுக்கும் நீர் வாங்குபவர்களுக்கும் கிடைத்த நீரும் சேர்ந்தே குறைந்தது. காவிரி டெல்டாவில் கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் குத்தகைக்குச் சாகுபடி செய்பவர்கள் எத்தனை பேர்! உழுபவர் ஒருவர், இணைப்பு இன்னொருவர் பெயரில். அங்கே மீட்டர் கட்டணம் உழுபவர் தலையிலும் மானியம் உடைமைக்காரர் கணக்கிலும் போய்ச் சேரும்.

பஞ்சாப் சொல்லும் பாடம் இன்னும் கடுமையானது. நிலத்தடி நீரைக் காக்க 2009-இல் அங்கே சட்டம் போட்டு, நெல் நடவை ஜூன் மாதத்துக்குத் தள்ளினார்கள். நீரை மட்டும் பார்த்தால் நல்ல சட்டம். நடவு தள்ளியதால் அறுவடை தள்ளியது; கோதுமை விதைக்க இடைவெளி சுருங்கியது; வைக்கோல் தாளைக் கொளுத்தும் நாட்கள் காற்று அசையாத முன்பனி வாசலுக்குத் தள்ளிப்போய், தில்லி வரை புகை கவிந்தது. நெல்லைக் கொள்முதல் செய்யும் கொள்கையில் கைவைக்காமல் நீரை மட்டும் காக்கப் போனதன் விளைவு அது. ஓர் இழையை மட்டும் இழுத்தால் முடிச்சு வேறோர் இடத்தில் இறுகும்.

அந்தத் தவறை நாமும் நம் படுகையிலேயே செய்துகொண்டிருக்கிறோம். கீழ்பவானி வாய்க்காலுக்கு 709 கோடி ரூபாயில் கான்கிரீட் போடும் திட்டம் வந்தபோது ஈரோட்டுப் பக்கத்து விவசாயிகள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். வாய்க்காலின் கடைசியில் இருப்பவர்களுக்கு நீர் முழுதாக வந்து சேர வேண்டும் என்பது நியாயம். வாய்க்காலில் கசியும் நீரால் ஊறும் கிணறுகளை நம்பியவர்களின் அச்சமும் நியாயம். நீர்வளத்துறையின் ஏட்டில் கசிவு நட்டம். கிணற்றுக்காரர் ஏட்டில் அதுவே வரவு. கசிவு நின்று மட்டம் இறங்கினால் கூடுதல் மின்சாரம் மின்வாரியத்தின் ஏட்டில் செலவு. மூன்றையும் கூட்டிப் பார்த்தால்தான் எந்த இடத்தில் கான்கிரீட் வேண்டும், எந்த இடத்தில் மண் கரை போதும் என்று தெரியும். அத்திக்கடவு–அவிநாசித் திட்டமும் அப்படித்தான். பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2024-இல் தொடங்கிய நல்ல திட்டம். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே கிடைக்கும் பவானி உபரி நீரில் 1.5 டிஎம்சியை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக 1,045 குளங்களுக்குக் கொண்டுபோகிறது. ஏற்றச் செலவாகும் மின்சாரத்தை, குளம் நிரம்பியதால் சுற்றுவட்டாரக் கிணறுகளில் மிச்சமாகும் மின்சாரத்தோடு ஒப்பிட்டால்தான் எந்தக் குளத்துக்கு முதலில் நீர் விடுவது என்று சரியாகத் தீர்மானிக்க முடியும். 1,000 லிட்டரை 10 மீட்டரிலிருந்து எடுக்க 0.07 யூனிட், 300 மீட்டரிலிருந்து எடுக்க 2 யூனிட். குளத்தில் நிற்கும் நீர் இந்த வித்தியாசத்தை மிச்சப்படுத்துகிறது.

இப்போது புதிதாக ஒரு தீர்வு வந்திருக்கிறது: சூரியசக்தி பம்ப். மின்வாரியத்தின் சுமை குறையும் என்று அதை வரவேற்கிறார்கள். வாரியத்தின் ஏட்டில் சுமை குறையும், உண்மை. நிலத்தடி நீரின் ஏட்டில் என்ன ஆகும்? வெயில் அடிக்கும் நேரமெல்லாம் மின்வெட்டில்லாத, செலவில்லாத மின்சாரம். மின்பாதையோடு சேராத தனிப் பம்பில் உபரி மின்சாரத்துக்கு வேறு வேலை இல்லை, இறைப்பதுதான் வேலை. குஜராத்தின் துண்டி என்ற ஊரில் 2016-இல் விவசாயிகள் கூட்டுறவு அமைத்து வேறு வழி காட்டினார்கள். பம்புகளை மின்பாதையோடு இணைத்து, பயிருக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றார்கள். இறைக்காமல் விட்ட தண்ணீருக்கு அங்கே வருமானம் இருந்தது. கருவி ஒன்றுதான், கணக்கைச் சேர்த்து எழுதியதால் பலன் மாறியது.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு ஒரு கேள்வி கேட்கும்: ‘எல்லாத் துறைகளும் சேர்வது எப்போது நடக்கும்? மீட்டராவது நாளைக்கே மாட்டக்கூடியது.’ நாளைக்கே மாட்டக்கூடியது என்பதாலேயே ஒன்று சரியான மருந்தாகிவிடாது. சேர்ந்து செய்வதும் நமக்குப் புதிதில்லை. கீழ்பவானிப் பாசனத்தில் ஆயக்கட்டின் ஒரு பாதிக்கு ஓராண்டு நஞ்சைக்கு நீர், மறுபாதிக்குப் புன்செய்ப் பயிருக்கு நீர், அடுத்த ஆண்டு மாற்றி என்று முறை வைத்தார்கள். எந்த நீருக்கு எந்தப் பயிர் என்பது அந்தத் திட்டத்தின் அடிப்படையிலேயே இருக்கிறது. பஞ்சாபிலேயே 2018-இல் இன்னொரு முயற்சி தொடங்கியது: விவசாயிக்கு ஒரு மின்சார அளவை ஒதுக்கி, அதில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் அவர் கையில் கொடுத்தார்கள். அங்கேயும் மீட்டர் உண்டு. ஆனால் அது தண்டிக்க வந்த மீட்டர் இல்லை. மிச்சத்தை அளந்து பணம் கொடுக்க வந்த மீட்டர். உழவர் எதை எதிர்ப்பார், எதை ஏற்பார் என்பதைத் தீர்மானிப்பது இந்த வேறுபாடுதான்.

இலவச மின்சாரத்தால் பெரிய மோட்டார் வைத்திருப்பவருக்கே அதிக லாபம், நிலமற்றவருக்கு ஒன்றுமில்லை என்ற வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். அதற்கான பதில் சிறு விவசாயியிடமும் வசூலிப்பது ஆகாது. ஏக்கருக்கும் பயிருக்கும் ஏற்ற அளவு மின்சாரம் உரிமையாக இருக்கட்டும். அதற்கு மேல் எடுப்பவர் கட்டட்டும். குறைத்து எடுப்பவருக்குப் பணம் வரட்டும். குத்தகைக்காரர் பெயர் பதிவில் ஏறட்டும், பணம் அவர் கைக்குப் போகட்டும்.

ஆகவே கோரிக்கை தெளிவானது. பவானி, நொய்யல், அமராவதி, டெல்டா என்று உபபடுகைதோறும் நீர், மின்சாரம், பயிர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஆண்டுக் கணக்கு வேண்டும். அதை மக்கள் பார்க்க வெளியிட வேண்டும். முதல் மீட்டர் டிரான்ஸ்பார்மரில் மாட்டப்பட வேண்டும். எங்கே எவ்வளவு போகிறது என்று தெரிந்த பிறகே மற்றதைப் பேச முடியும். அணை திறப்பு, மும்முனை மின்சார நேரம், கொள்முதல் அறிவிப்பு மூன்றும் விதைப்புக்கு முன்பே ஒரே மேசையில் முடிவாக வேண்டும். நெல் தரிசு உளுந்துக்கும் பயறுக்கும் கேழ்வரகுக்கும் நெல்லுக்கு இருப்பது போன்ற கொள்முதல் உறுதி வேண்டும். 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது போல அது மற்ற மாவட்டங்களுக்கும் விரிய வேண்டும். 2003-இல் இயற்றி, நடைமுறைக்கே வராமல் 2013-இல் நீக்கப்பட்ட நிலத்தடி நீர்ச் சட்டத்தின் இடத்தில், ஊர்க்காரர்களுக்கும் அதிகாரம் தரும் புதிய சட்டம் வேண்டும். மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் எத்தனை டிஎம்சி வந்தது என்று அளப்பதோடு நிற்கும் நம் காவிரி அரசியல், அந்த நீர் மண்ணுக்குள் எவ்வளவு இறங்கியது, மேலே எடுக்க எவ்வளவு மின்சாரம் ஆனது, அதில் விளைந்தது என்ன என்றும் கேட்க வேண்டும். இவற்றையெல்லாம் செய்த பிறகு விவசாயியிடம் பொறுப்பைக் கேட்கும் உரிமை நமக்கு வரும். அதுவரை அவர் மோட்டாரில் மாட்டும் மீட்டர் அரசின் மூன்று துறைகள் செய்த தவறுகளுக்கு அவரிடம் வாங்கும் அபராதமாகத்தான் இருக்கும்.